பிள்ளையார்பாளையத்துச் செட்டுக்கு ஏன் நேரம் குறைந்தது

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். விளக்கம் அப்புறம்.

1. ஓர் அமாவாசை அன்று பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெருவின் நெசவாளர் சங்கக் கட்டடத்தில் எங்கள் கடை ஒரு டி.வி. செட்டைப் பொருத்தியது. ஏணியில் ஏறி ஆன்டெனாவை நிறுத்தியது நான்.

2. அன்று மாலை படம் ஆரம்பம் முதல் கடைசிவரை தெளிவாக வந்தது. தெருவே உட்கார்ந்து பார்த்தது.

3. அடுத்த அமாவாசை வருவதற்குள் அந்தச் செட் தள்ளுவண்டியில் கடைக்குத் திரும்பி வந்தது.

4. புகார்: இந்தச் செட் நேரம் கம்மியாகப் பிடிக்கிறது. நேரம் ஜாஸ்தியாகப் பிடிக்கிற பெரிய செட்டைக் கொடு.

5. கடையில் வைத்து ஒரு மாலை முழுக்க ஓட்டிப் பார்த்தேன். குறை எதுவும் இல்லை.

6. அமாவாசைக் கூட்டத்தில் முடிவு சொல்கிறோம் என்றது சங்கம். செட் வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் டி.வி. பிரிவை மூடிவிடுவேன் என்றார் முதலாளி. எங்கள் கடையில் டி.வி. பிரிவு என்பது நான் ஒருத்திதான்.

இது நடந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிற தங்கைகள் இதைப் படிப்பார்கள் என்பதால் அந்த நாட்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எனக்கும் அவற்றை நினைத்துப் பார்க்கப் பிடித்திருக்கிறது.

ஏணி ஏறுவியா?

சென்னையில் டி.வி. வந்து அதிக காலம் ஆகவில்லை. காஞ்சிபுரத்தில் செட் வைத்திருந்த வீடுகளை ஆன்டெனாவை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டுப் பக்கத்தில் மாகறலில் வீட்டில் இருந்தேன். கடை முதலாளி கோதண்டம் ரேடியோவிலும் மைக் செட்டிலும் பல வருடம் பழுத்தவர். நேர்முகத் தேர்வு என்று அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"ரேடியோவுக்கு ஆள் இருக்குது. டி.வி.க்குப் படிச்ச ஆள் வேணும். நீ படிச்சிருக்கிற, சரி. ஏணி ஏறுவியாம்மா?"

"ஏறுவேன் முதலாளி."

"அப்ப நாளைக்கு வந்துடு."

சென்னையிலிருந்து இவ்வளவு தூரத்தில் படம் வரவேண்டும் என்றால் ஆன்டெனா உயரமாக இருக்க வேண்டும். ஜி.ஐ. பைப்புகளை ஒன்றோடொன்று இணைத்து, பக்கங்களில் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டி, பூஸ்டர் வைப்போம். திசைக்குக் காம்பஸ் எல்லாம் கிடையாது. மாடியில் நின்று பெரிய கோவில் கோபுரத்தைப் பார்ப்போம். அதிலிருந்து ஒரு கை வலப்புறம் திருப்பினால் சென்னை. கீழே ஒருவர் செட்டைப் பார்த்துக்கொண்டு "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும்மா, ஐயோ போச்சி" என்று கத்துவார். பிள்ளையார்பாளையத்தில் ஸ்டே கம்பியைத் தெருப்பக்கம் இறக்கக் கூடாது என்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டேன். விடியற்காலையில் அங்கே பாவு விரிப்பார்கள். நீளமான பட்டு இழைகளுக்கு நடுவே ஒரு கம்பி நின்றால் என்ன பேச்சு கிடைக்கும் என்பதையும் அதே வாரத்தில் கற்றுக்கொண்டேன்.

காலையில் கடை திறந்ததும் வரும் ஈயம் பற்றவைக்கும் புகை வாசனையும், பெட்டியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் வால்வுகளின் சூடும் எனக்கு இன்றும் அந்த ஊரின் வாசனையும் சூடும்தான்.

தள்ளுவண்டி

செட்டைத் திருப்பிக் கொண்டுவந்தவர் சங்கத் தலைவர் ஏகாம்பரம். ஐம்பது வயது இருக்கும். சங்கக் கட்டடத்தின் பின்கட்டை வாடகைக்கு எடுத்து, பட்டு நூல் முறுக்கும் பட்டறை நடத்திவந்தார். கூட வந்தவர் வரலட்சுமி அக்கா. தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம்; என்னைப் போன்ற சின்னப் பெண்களை 'அம்மாயி' என்றுதான் கூப்பிடுவார். டி.வி. வாங்க வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ப் பேசி, தெருவைச் சம்மதிக்கவைத்தவர் அவர்தான். அதனால் தள்ளுவண்டியின் பின்னால் நடந்து வந்ததில் அவருக்குத்தான் அவமானம் அதிகம்.

"இன்னா மாதிரி செட்டு குடுத்துருக்கிற கோதண்டம்?" என்று ஆரம்பித்தார் ஏகாம்பரம். "பம்பாயில என் மச்சான் இருக்கிறான். அங்க சாயங்காலம் உக்காந்தா அவன் பாட்டுக்கு ஓடிக்கினே இருக்குதாம். நம்ம செட்டு தொறந்த வேகத்துல மூடிக்குது."

"பம்பாய் வேற நிலையம்யா. நமக்குச் சென்னைதானே வரும்" என்றேன்.

"அப்படி வா. ஜவுளிக்காரர் வீட்ல பெரிய செட்டு இருக்குதே, அதுல வர்றதும் சென்னைதானே? அது எப்படி எங்களுது முடிஞ்ச பிறகும் ஓடுது?"

வரலட்சுமி அக்கா சேர்த்துக்கொண்டார். "ரேடியோவுல ஒரு பேண்டு வாங்கினா நாலு ஸ்டேஷன் வரும். மூணு பேண்டு வாங்கினா சிலோன் வரும். அந்த மாதிரி சின்ன செட்டுக்குக் கம்மி நேரம்தான் வரும்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல, அம்மாயி? நாங்க இன்னும் கொஞ்சம் சேத்து பெருசா வாங்கியிருப்போமே."

அவர் சொன்னதில் ரேடியோவைப் பொறுத்தவரை தவறே இல்லை. ஊர் முழுக்க ரேடியோவை வைத்துத்தான் டி.வி.யைப் புரிந்துகொண்டிருந்தது. எங்கள் முதலாளியே முதலில் அப்படித்தான் நினைத்தார்.

"படம் போறப்போ எப்படிப் போகுதுக்கா?" என்று கேட்டேன்.

"முடிஞ்சிடுதும்மா. அவ்ளோதான்" என்று முந்திக்கொண்டார் ஏகாம்பரம்.

செட் கடையில் இறங்கியது. அன்று மாலை அது கடைசிவரை ஓடியது. முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "செட்டு நல்லாருக்குது. அவங்களுக்குச் சொல்லிப் புரியவெக்கணும். அது உன் வேல. கூட்டத்துல வேணாம்னுட்டாங்கன்னா நான் மறுபடி மைக் செட்டோட நின்னுடறேன். எனக்கு இந்த பேஜாரு வேணாம். உன் படிப்புக்கு நீ வேற எங்கயாவது பாத்துக்க. தப்பா நெனச்சிக்காத."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளையார்பாளையத்துச் செட் திரும்பி வந்தால் அந்தப் பேச்சு அன்றைக்கே ஊர் முழுக்கப் போய்விடும். அதற்குப் பிறகு யாரும் எங்களிடம் செட் வாங்க மாட்டார்கள். அதை நானும் அறிவேன்.

ஒரே ஸ்டூடியோ

பம்பாய்க்கு ஏன் ஜாஸ்தி, சென்னைக்கு ஏன் கம்மி என்று யாராவது கேட்டால் எனக்கே பதில் தெரியாது என்பதை அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது உணர்ந்தேன். என்னோடு படித்த கிரேஸ் சென்னை நிலையத்தில் வேலையில் சேர்ந்திருந்தாள். லீவு போட்டுவிட்டுப் போனேன்.

"பாக்கறதுக்குத்தானே வந்தே? வாய மூடிக்கிட்டு என் பின்னாடி வா" என்று சொல்லி உள்ளே கூட்டிப் போனாள்.

நான் பல ஸ்டூடியோக்கள் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவள் காட்டியது ஒன்றை. ஒரு பக்கம் வைக்கோலும் மாட்டுவண்டிச் சக்கரமும். விவசாயிகளுக்கான நிகழ்ச்சி முடிந்ததும் ஆட்கள் ஓடிவந்து சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனார்கள். ஒருவர் வைக்கோலைப் பெருக்கினார். அதே இடத்தில் ஜமக்காளம் விரித்து வீணைக் கச்சேரிக்கு மேடை போட்டார்கள். விளக்குகளை மாற்றித் தொங்கவிட்டார்கள். அதுவரை வெளியே நம் வீடுகளில் என்ன தெரியும் என்று கேட்டேன். கிரேஸ் மானிட்டரைக் காட்டினாள். சற்றுப் பொறுங்கள் என்று சொல்லும் அட்டை. பின்னால் புல்லாங்குழல்.

அந்த அட்டையை எத்தனையோ முறை காஞ்சிபுரத்தில் பார்த்து, ஆன்டெனாவைத் திருப்பு, திருப்பு என்று கத்தியிருக்கிறோம்.

அங்கிருந்த மூத்த என்ஜினியர் ஒருவரிடம் கிரேஸ் என்னை அறிமுகம் செய்தாள். நான் என் கேள்வியைக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"நேரத்தை நீட்டறது எனக்கு ஒரு வேலையே இல்லம்மா. டிரான்ஸ்மிட்டர் பாட்டுக்கு நாள் பூரா ஓடும். அதுல எதைப் போடறது? அதான் கேள்வி."

"மத்த ஊர்ல போடறாங்களே சார்?"

"சில ஊர்ல டெல்லியில இருந்து வர்றத அப்படியே வாங்கி விட்டுடலாம். பாதி வேலை முடிஞ்சிடும். சில எடத்துல ஸ்டூடியோ ஜாஸ்தி, ஆளும் ரெண்டு ஷிஃப்ட்டு. நமக்குத் தமிழ்ல வேணும். தமிழ்ல வேற எங்க இருந்து வாங்கறது? எல்லாத்தையும் இந்த ரூமுலதான் செய்யணும். நாள் பூரா ரிகர்சல், லைட்டிங். சாயங்காலம்தான் அடுப்பைப் பத்தவெக்கறோம்."

"பழைய சினிமாவாப் போட்டு நெரப்பலாமே சார்?"

"நெரப்பலாம். அப்புறம் நாங்க செய்யற நாடகத்தை யார் பாப்பாங்க? நேரம் கம்மியா இருக்கட்டும், உக்காந்து பாக்கற மாதிரி இருக்கட்டும்னு நாங்களே வெச்சிக்கிட்ட அளவு இது. ஆள் வந்தா கூட்டுவோம்."

திரும்பும் பஸ்ஸில் காரணங்களை வரிசைப்படுத்தினேன். இடம் ஒன்று. ஆள் ஒரு ஷிஃப்ட். வெளியே வாங்க முடியாத மொழி. கடைசியாக, நிரப்பக் கூடாது என்ற அவர்களுடைய பிடிவாதம். நான்கும் தெளிவாக இருந்தன. பதில் கையில் இருக்கிறது என்று நினைத்து நன்றாகத் தூங்கினேன்.

அமாவாசைக் கூட்டம்

காஞ்சிபுரத்தில் அமாவாசை தறிகளுக்கு விடுமுறை. அன்று யாரும் தறிக்குழியில் இறங்க மாட்டார்கள். கூட்டம், பஞ்சாயத்து, கல்யாணப் பேச்சு எல்லாம் அன்றுதான். நானும் முதலாளியும் செட்டைக் கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே வைத்து ஆன்டெனா ஒயரைச் சொருகினோம். மாலை நிகழ்ச்சி ஆரம்பிக்கும் நேரம் பார்த்துக் கூடம் நிறைந்தது.

"டி.வி. பொண்ணு பேசும். அது பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் குறுக்க பேசக் கூடாது" என்றார் ஏகாம்பரம். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான்கு பேர் பேசினார்கள்.

நான் ஸ்டூடியோவில் பார்த்ததைச் சொன்னேன். சக்கரம், வைக்கோல், ஜமக்காளம், அட்டை எல்லாவற்றையும் சொன்னேன். வரலட்சுமி அக்கா கையை உயர்த்தினார்.

"இரு. அப்ப அவங்களுக்கு ஒரே தறிதானா?"

"ஒரே தறிதான்கா."

"ஒரு சேலைய அறுத்துட்டு அடுத்த பாவு பிணைக்கிற வரைக்கும் தறி சும்மாதானே கெடக்கும்?"

"அதேதான். அப்போதான் அந்த அட்டையைக் காட்டுறாங்க."

அவர் வீட்டுக்காரர் தணிகாசலம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "ஒத்தத் தறிய வெச்சிக்கினு இத்தினி ஊருக்கு நெய்யறானுங்களா? பாவம்பா. இதுக்கா நாம அவனுங்கள இத்தினி நாளா திட்டிக்கினு இருந்தோம்?" என்றார். கூடம் சிரித்தது. எனக்குப் பாதிக் கிணறு தாண்டிய நிம்மதி.

ஏகாம்பரம் சிரிக்கவில்லை. "பம்பாய் கத புரிஞ்சிது. ஜவுளிக்காரர் வீட்டு கத சொல்லு."

"எல்லாச் செட்டும் ஒரே அளவு நேரம்தான் பிடிக்கும்யா. சின்னது, பெருசு கிடையாது. இதோ ஓடிக்கிட்டிருக்கு. எப்ப முடியுதுன்னு பாக்கலாம்."

எல்லோரும் பார்த்தோம். ஒரு பேட்டி முடிந்து பாட்டு வந்தது. வழக்கமாக முடிந்துவிடுகிற நேரம் கடந்தது. படம் தெளிவாக ஓடிக்கொண்டே இருந்தது. ஜன்னலோரம் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னாடி இது, இன்னும் கட பூட்டலியே?"

"தெனம் இந்நேரம் சுருங்கிடுமே."

நான் திரும்பினேன். "சுருங்கிடுமா? எப்படிக்கா சுருங்கும்?"

வரலட்சுமி அக்கா இரண்டு கைகளாலும் காட்டினார். "நாலு பக்கமும் கறுப்பு வரும். ஆளுங்க குள்ளமாயிடுவாங்க. சத்தம் கெணத்துல இருந்து வர்ற மாதிரி வரும். அப்புறம் ஒண்ணுமே தெரியாது. நாம ஸ்விட்சை அமுத்தினா சுருங்கிப் புள்ளியாப் போவுது இல்ல? அந்த மாதிரி. சரி, மெட்ராசுல ஸ்விட்சை அமுத்திட்டாங்கன்னு நாங்களும் எழுந்து போயிடுவோம்."

டி.வி.யை அணைத்தால் படம் சுருங்கும் என்பதை அவர்கள் தினமும் பார்த்திருக்கிறார்கள். சுருங்கினால் யாரோ அணைத்துவிட்டார்கள் என்று முடிவுசெய்ததில் என்ன தவறு?

ஆனால் அந்த நேரத்தில் அது எனக்கு உதவவில்லை. தணிகாசலம் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "அப்ப செட்டுல கோளாறு இருந்திருக்குது. கடையில வெச்சி உள்ள எதையோ மாத்திக் கொண்டாந்துட்டு, இப்ப ஒண்ணும் தெரியாத மாதிரி கத சொல்றாங்க."

"யோவ், வார்த்தைய அளந்து பேசு" என்று எழுந்தார் எங்கள் முதலாளி. "முப்பது வருசமா இந்த ஊர்ல கட வெச்சிருக்கிறேன்."

"அதான் சொல்றேன். முப்பது வருச அனுபவம்."

கூடம் இரண்டாகப் பிரிந்து பேசத் தொடங்கியது. "திருப்பி எடுத்துக்கினு போகச் சொல்லு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. செட்டைத் திறந்து காட்டினாலும் அவர்களுக்கு எது பழையது எது புதியது என்று தெரியப் போவதில்லை. சத்தம் கொஞ்சம் அடங்கியபோதுதான் தெருவின் அமைதி காதில் விழுந்தது. வேறு எந்த மாலையும் அந்தத் தெரு அப்படி இருந்ததில்லை. தறிச் சத்தம் இல்லை. அதற்கும் பின்னால், சுவர் அதிர ஓடும் இன்னொரு சத்தமும் இல்லை.

செட் பொருத்தியதும் அமாவாசை. இன்றும் அமாவாசை.

"ஐயா, உங்க மோட்டார் தினம் எத்தனை மணிக்குப் போடுவீங்க?" என்று ஏகாம்பரத்தைக் கேட்டேன்.

"வெளக்கு வெச்சி, சாமி கும்பிட்டுட்டு போடுவேன். ஏன்?"

"சங்கத்துக்கும் பட்டறைக்கும் ஒரே லைன்தானே?"

"ஒரே லைன்தான். அதுக்கு இன்னா இப்ப?"

"ஒரு தடவை மோட்டாரைப் போட்டுக் காட்டுங்கய்யா."

கூடம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அமாவாசையில் மோட்டாரைப் போடச் சொல்கிற அளவுக்கு நான் அந்த ஊருக்குப் புதியவள் இல்லைதான். ஆனாலும் வாய் சொல்லிவிட்டது.

பெல்ட்டைக் கழற்றியது

"மாட்டேன்" என்றார் ஏகாம்பரம். "எங்கப்பா காலத்துல இருந்து அமாவாசையில ஒரு இழை முறுக்கினதில்ல. நாளைக்கு வந்து பாத்துக்க."

"நாளைக்கு வந்து சொன்னா யாருப்பா நம்புவாங்க? நாளைக்கும் எதையாவது மாத்துவாங்க" என்றார் தணிகாசலம். எனக்காகப் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

வரலட்சுமி அக்கா யோசித்தார். "நூலு ஏத்தாம மோட்டார் மட்டும் சுத்தினா அது தொழிலா?"

"சுத்தினா தொழில்தான்."

"ஃபேனு சுத்துது. அது தொழிலா? தலைவரே, பெல்ட்ட கழட்டிடுங்க. நூலு சுத்தற கதிரு ஒண்ணுகூட திரும்பாது. அந்த இரும்பு தனியா சுத்தட்டும். சாமிக்கு அதுல இன்னா நஷ்டம்?"

இதன்மேல் ஒரு விவாதம் நடந்தது. பெல்ட் இல்லாத மோட்டார் வேலை செய்கிறதா, சும்மா இருக்கிறதா என்று பெரியவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் ஏகாம்பரம் எழுந்தார். பின்கட்டுக்குப் போய், கன்னத்தில் போட்டுக்கொண்டு, பெல்ட்டைக் கழற்றினார். நான் கூடத்தில் பிளக் பாயின்டில் வோல்டேஜ் காட்டும் மல்டிமீட்டரை வைத்து, முள்ளை எல்லோரும் பார்க்கும்படி திருப்பினேன்.

"போடுங்கய்யா."

மோட்டார் உறுமியது. முள் சட்டென்று கீழே சாய்ந்தது. திரையில் பாடிக்கொண்டிருந்த பெண் நாலு பக்கமும் சுருங்கி, ஒரு கணம் தபால்தலை போல ஆகி, பிறகு முக்கால்வாசி மட்டும் மீண்டாள். முள்ளும் பழைய இடத்துக்கு வரவில்லை.

"இதான்! இதான்!" என்று பெண்கள் பக்கம் கூச்சல். "இப்படித்தான் தெனம்!"

"பெல்ட் இல்லாமலே இவ்வளவு" என்றேன். "கதிர் எல்லாம் சுத்தினா செட்டுக்கு மிச்சம் எதுவும் வராது. உள்ளே வர்ற ஒயர் பழசு, மெல்லிசு. அது ரெண்டையும் தாங்காது. ஜவுளிக்காரர் வீட்டுல மோட்டார் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்."

ஏகாம்பரம் பின்கட்டு வாசலில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செட் அங்கே இருந்த நாளெல்லாம் அந்த நேரத்தில் அவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறார். படம் சுருங்குவதை அவர் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

"என் மோட்டாருதானா மெட்ராசு ஸ்டேஷன தெனம் பூட்டினது?" என்றார். யாருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. தணிகாசலம் மட்டும் எங்கள் முதலாளி பக்கம் திரும்பி, "முப்பது வருச அனுபவம்னு நான் நல்லபடியாத்தான் சொன்னேன், அண்ணே" என்றார்.

தெரு வைத்துக்கொண்ட அளவு

கோளாறு தெரிந்துவிட்டது. ஆனால் செட் அங்கேயே இருக்குமா என்பது இன்னும் முடிவாகவில்லை. நான் மூன்று வழிகளைச் சொன்னேன்.

முதல் வழி ஸ்டெபிலைசர். முதலாளி என் காதில், "அதைச் சொல்லு, அதைச் சொல்லு" என்றார். இந்த அளவு இறக்கத்தை அது தூக்காது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இரண்டாவது, கூடத்துக்குத் தனி லைன். மனு கொடுக்கலாம்; எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாவது, நிகழ்ச்சி நேரத்தில் மோட்டாரை நிறுத்துவது.

"நல்லா சொன்னே" என்றார் ஏகாம்பரம். "பகல்ல பாதி நேரம் கரண்ட்டு கெடையாது. சாயங்காலமும் நிறுத்திட்டா நான் எப்ப முறுக்கறது? நூல் முறுக்கலன்னா நீங்க எத வெச்சி நெய்வீங்க?"

தெருவில் பாதித் தறிகளுக்கு நூல் அவர் பட்டறையிலிருந்துதான் வந்தது.

"அப்ப செட்டத் திருப்பிட வேண்டியதுதான். கோளாறு யார் மேலயும் இல்ல. கௌரவமாத் திருப்பிடலாம்" என்றார் தணிகாசலம்.

என் வேலை கௌரவமாகப் போகப் போகிறது என்று நினைத்தேன்.

வரலட்சுமி அக்கா எழுந்து நின்றார். "இன்னாயா பேசற? தெனம் முழுசா யாருக்கு வேணும்? வயலுக்கு உரம் போடறதப் பாத்து நாம இன்னா பண்ணப் போறோம்? மெட்ராசுக்காரங்களே ஒத்தத் தறியில எது முடியுமோ அத மட்டும் நெய்யறாங்கன்னு இந்தப் பொண்ணு சொல்லிச்சே. நமக்கும் ஒத்த லைனு. எது வேணுமோ அத மட்டும் பாப்போம். மத்த நேரம் மோட்டார் ஓடட்டும்."

அதன்பிறகு நடந்தது பேரம். வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டுக்கு ஏகாம்பரம் உடனே ஒப்புக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்குக் கொஞ்சம் யோசித்து ஒப்புக்கொண்டார். செவ்வாய்க்கிழமை நாடகம் என்றதும் கையை ஆட்டினார்.

"ரெண்டு நாளு. அதுக்கு மேல முடியாது."

"உங்க வீட்ல கேட்டுட்டு சொல்லுங்க தலைவரே."

"அவ இன்னா சொல்றது?"

பெண்கள் நடுவிலிருந்து அவர் மனைவியின் குரல் நிதானமாக வந்தது. "எனக்கு நாடகம் வேணும்."

கூடம் கைதட்டியது. மூன்று மாலைகள் என்று முடிவானது. மற்ற நாட்களில் விளக்கு வைக்கும் வரை பார்ப்பது, மோட்டார் போடும் முன்பே செட்டை அணைத்துவிடுவது. சுருங்கிய படத்தோடு ஓட்டினால் செட் கெடும் என்பதை நான் இரண்டு முறை சொல்லிவைத்தேன். செட் அங்கேயே இருந்தது.

தெருமுனையில் முதலாளி சொன்னார்: "ஸ்டெபிலைசர் ஒண்ணு வித்திருக்கலாம்."

"வித்திருந்தா அடுத்த மாசம் அதுவும் வண்டியில வந்திருக்கும், முதலாளி."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே நடந்தார். "நாளைக்கு ஜவுளிக்காரர் தெருவுல ஒரு ஆன்டெனா இருக்குது. சீக்கிரம் வந்துடு" என்றார்.

தங்கைகளுக்கு

புகாரை அது நடக்கும் இடத்திலும் நடக்கும் நேரத்திலும் பாருங்கள். கடையில் நன்றாக ஓடுகிறது என்பது பாதிச் சோதனை. வாடிக்கையாளர் சொல்லும் காரணம் தவறாக இருக்கலாம். அவர் பார்த்தது தவறாக இருக்காது. ஒரு நிலையமோ ஒரு தெருவோ குறைந்த நேரம் ஓட்டினால் சோம்பல் என்று உடனே எழுதிவிடாதீர்கள். இருக்கிற ஆளையும் இடத்தையும் லைனையும் வைத்து அவர்கள் யோசித்து வைத்த அளவாக இருக்கலாம்.

நான் இப்போது செங்கல்பட்டில் இருக்கிறேன். இங்கேயும் ஆன்டெனா வேலைதான். மாடியில் நின்றால் ஏரி தெரிகிறது, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கோபுரத்திலிருந்து ஒரு கை வலப்புறம் என்று சொல்ல இங்கே ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை ஆனால் அந்தக் கூடத்தில் இடம் பிடிக்க நடக்கும் சண்டை நினைவுக்கு வருகிறது.

கடைக்கு இப்போது இரண்டு டி.வி. மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். சங்கத்தின் தனி லைன் மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. சென்னை நிலையம் நேரத்தைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறது. பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெரு கூட்டவில்லை. செவ்வாய், வெள்ளி, ஞாயிறு மாலைகளில் மோட்டார் நிற்கிறது. மற்ற மாலைகளில் ஓடுகிறது.